ஒற்றைக் கதவுக்குப் பழைய பெயின்ட்

புது பெயின்ட் விக்கிறவனுக்கு வியாபாரம்தான் தலைவலி. பழைய கார் பெயின்ட் சேத்து வச்சு விக்கிறவனுக்கு அவன் கண்ணே தலைவலி. இந்தத் தொழில்ல என்னை மாதிரியே மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆத்மாக்கள் நாலு பேராவது எங்கயாவது இருப்பீங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மத்தவங்க படிச்சுட்டுச் சிரிச்சா சிரிச்சுக்கிடட்டும், எனக்கு வருத்தமில்லை.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கடை திருவனந்தபுரத்துல, கிள்ளிப்பாலத்துல இருக்கு. முன்பக்கம் சாதாரண பெயின்ட் கடை. சுவருக்கு அடிக்கிறது, கேட்டுக்கு அடிக்கிறது எல்லாம் அங்க. பின்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கு. அதுல இருக்கிறதெல்லாம் இப்ப யாருமே தயாரிக்காத கார் கலருங்க. மூடிப்போன ஒர்க்‌ஷாப், செத்துப்போன பெயின்டர் வீடு, இடிக்கப்போற கடைன்னு எங்க பழைய டப்பா கிடந்தாலும் நான் போய் நின்னுருவேன். லேபிளைப் பூச்சி தின்னுரும்ங்கிறதால, உள்ள இருக்கிற பெயின்டை மூடி மேல ஒரு பொட்டு வச்சிருப்போம். அந்தப் பொட்டும் போகப்போக மஞ்சளிச்சுப் போகும். கடைசில உள்ள என்ன கலர் இருக்குன்னு டப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் வீட்டுக்காரி சரஸ்வதி அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேப்பா: "கெட்டுப்போன குழம்பை யாராவது பேர் எழுதி அடுக்கி வைப்பாங்களா?"

கறுப்பு வெள்ளை ஃபோட்டோ

நம்ம பாடு எப்படிப்பட்டதுன்னு விளங்கறதுக்கு முதல்ல ஒரு சின்ன உதாரணம். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குற மலையாளித் தம்பி ஒருத்தன் வந்தான். தாத்தாவோட ஸ்கூட்டரைச் சரி பண்றானாம். ஒரிஜினல் கலர்தான் வேணும், வேற எதுவும் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னான். ஆதாரம் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு பெருமையா போனை நீட்டினான். பாத்தா, கறுப்பு வெள்ளை ஃபோட்டோ! ஸ்கூட்டர் மேல தாத்தா உக்காந்திருக்கார், பின்னால ஒரு தென்னை மரம்.

"தம்பி, இதுல என்ன கலருப்பா தெரியுது?"ன்னு கேட்டேன். அவன் ரெண்டு விரலால படத்தைப் பெருசாக்கி, என் மூக்குக்கு நேரே கொண்டுவந்து காட்டினான். எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியலை. ஆனா அவன் முகத்துல ஒரு சந்தேகமும் இல்லை. "நல்லா பாருங்க அண்ணாச்சி, வண்டி லைட் க்ரே, தாத்தா டார்க் க்ரே!"

தங்கம் மாமி ஆட்டோவில வந்தது

ஸ்ரீவராகத்துல இருக்கிற ஹரிஹர மாமாவை எனக்கு ரொம்ப நாளா தெரியும். ரிட்டயர்டு அக்கவுண்டன்ட். கல்யாணமான புதுசுல வாங்கின பத்மினி காரை இன்னும் காலைல அவரே துடைப்பார். வேற யார் துணி பட்டாலும் கீறிடும்னு சொல்லுவார். எங்க போனாலும் மாமா ஓட்டுவார், தங்கம் மாமி இடது பக்கத்து சீட்டுல அர்ச்சனைக் கூடையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அந்த மாமி ஒரு நாள், ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில தனியா ஆட்டோவில வந்து இறங்கினாங்க. கவுத்துப் போட்டிருந்த டிரம் மேல உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சாங்க.

"கோலப்பா, இது உன் காதோட இருக்கணும். காரை இடிச்சுட்டேன்."

"மாமா இடிச்சிட்டாரா?"

"நானாக்கும் இடிச்சேன். மாமா ஊர்லயே இல்லை."

விஷயம் இதுதான். மாமாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. சிக்னல்ல சிவப்பு விழுந்தப்புறமும் அவர் பாட்டுக்குப் போறாராம். சொன்னா கேக்கறதில்லை, சாவியையும் குடுக்கறதில்லை. மாமி என்ன பண்ணாங்க தெரியுமா? நாராயணீயம் கிளாசுக்குப் போறேன்னு சொல்லிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், லைசன்சே வாங்கிட்டாங்க! இப்ப மாமா கண்ணைக் காமிக்க பெங்களூர்ல மக வீட்டுக்குப் போயிருக்கார். ஆவணி அவிட்டத்துக்குத் திரும்பி வந்துருவார். வந்ததும் லைசன்ஸை நீட்டி, இனிமே நான்தான் ஓட்டுவேன்னு சொல்றதா மாமியோட திட்டம். அதுக்குள்ள கை பழகட்டும்னு தெருமுனை வரைக்கும் எடுத்திருக்காங்க. திருப்பத்துல இருந்த கல்லுத்தூண் இடது முன்கதவைத் தேச்சுருச்சு. இத்தனை வருஷமா அவங்க ஏறி இறங்கின அதே கதவு.

"கீறல் இல்லாத வண்டியைக் காட்டினாத்தான் சாவி என் கைக்கு வரும் கோலப்பா. இல்லேன்னா அவர் ஓட்டுவார், நான் பிராணனைக் கையில பிடிச்சுண்டு பக்கத்துல உக்காந்துண்டு வரணும். ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து போயிடுவோம்."

ஒரே ஒரு கதவுதானே, பண்ணிரலாம் மாமின்னு பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் குடுத்துட்டேன். அப்புறம்தான் வண்டி என்ன கலர்னு கேட்டேன். பச்சைன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு அது நீலம். ஆர்.சி. புக்குல க்ரேன்னு இருக்காம். நம்ம பெயின்டர் சசிக்குப் போன் போட்டுக் கேட்டா, அவன் வெண்ணீறு கலர்ங்கிறான். நான் மெதுவா, மாமி எனக்கென்னவோ நீலம்னு தோணுதுன்னு இழுத்தேன். மாமி குடையை மடக்கித் தரையில ஒரு தட்டு தட்டினாங்க. "நான் அதுல ஏறி இறங்க ஆரம்பிச்சப்போ நீ டிராயர் போட்டுண்டிருந்தே, எனக்குத் தெரியாதா என் வண்டி பச்சைன்னு?"

சாட்சிக்கு வந்த புடவை

மறுநாள் மாமி ஒரு பட்டுப் புடவையோட வந்துட்டாங்க. கார் வாங்கின வருஷம் தீபாவளிக்கு, கார் கலருக்கே தேடித்தேடி எடுத்த புடவையாம். அந்தக் காலத்துல காரையும் புடவையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் எடுத்ததாம். ஆகா, இதைவிட நல்ல ஆதாரம் என்ன வேணும்னு நானும் துள்ளிக் குதிச்சு, பின்னறையிலிருந்து நீலம், பச்சை, சாம்பல்னு கிடந்த டப்பா எல்லாத்தையும் இறக்கினேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு துளி எடுத்துப் பழைய காலண்டர் அட்டையில தடவிப் புடவைப் பக்கத்துல வச்சேன்.

கடைக்குள்ள வச்சா புடவை நீலம். வாசலுக்குக் கொண்டு போனா பச்சை. மடிச்சா ஒரு கலர், விரிச்சா ஒரு கலர். எனக்குத் தலை சுத்திருச்சு. அப்புறம்தான் உறைச்சது, அது நீலப் பாவுல பச்சை ஊடு போட்டு நெய்த புடவை! ஆட்டி ஆட்டிப் பாத்தா மயில் கழுத்து மாதிரி மாறிக்கிட்டே இருக்கு. சுண்ணாம்பு பெயின்ட் வாங்க வந்த ஒருத்தர் வேற, நடுவுல புகுந்து, இது சந்தன நிறம் சாரேன்னு சொல்லிட்டுப் போறார். சந்தனமாம்! அவரை என்ன பண்ண? நான் புடவையைத் திருப்பிக் குடுத்து, மாமி இதுல ரெண்டு கலர் இருக்குன்னேன். மாமி ஒத்துக்கவே இல்லை. "புடவை சரியாத்தான் இருக்கு, உன் கடையிலதான் வெளிச்சம் சரியில்லை."

மெஷின் சொன்ன தீர்ப்பு

பழைய டப்பாக்காரன் கம்ப்யூட்டர் கலர் மிக்ஸிங் கடைக்குப் போறதுங்கிறது, நாட்டு வைத்தியர் ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி. முக்காடு போட்டுக்கிட்டுத்தான் போகணும். போனேன். பத்மினியோட பெட்ரோல் டாங்க் மூடித் தகட்டைக் கழட்டித் துணியில சுத்திக்கிட்டு, தம்பானூர் பக்கம் இருக்கிற ஒரு கடைக்குப் போனேன். அங்க மெஷின் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்தது. தகட்டு மேல ஒரு கருவியை அமுக்கிச்சு. திரையில ஒரு கலர் வந்துச்சு. தகட்டோட ஓரத்துல அமுக்கிச்சு, வேற கலர். மாமா கை பட்டுப்பட்டுத் தேஞ்ச இடத்துல அமுக்கிச்சு, அது இன்னொண்ணு.

ஒரே தகடு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மெஷின் மூணு கார் இருக்குங்கிற மாதிரி மூணு கணக்குச் சொல்லுது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு அல்ப சந்தோஷம். பாத்தியா, உனக்கும் குழம்புதுல்லன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா சந்தோஷப்பட்டு என்ன பிரயோஜனம்? மூணுல எதை அடிச்சாலும் புது பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளன்னு நிக்கும், பழைய உடம்புல தனியா தெரியும். மெஷினுக்குக் குழப்பமாம்மான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு தகட்டைத் துடைச்சு என் கையில வச்சுது. "மெஷினுக்கு ஒரு கொழப்பமும் இல்ல அண்ணாச்சி, நீங்க எந்த வருஷத்துக் கலர் வேணும்னு தீர்மானிச்சிட்டு வாங்க."

வித்துராவில் ஆடு நக்கின கலர்

சசிக்குத்தான் திடீர்னு ஞாபகம் வந்துச்சு. அந்தக் காலத்து எஸ்டேட் வண்டிகளுக்கு அடிக்கிறதுக்காக, வித்துராவில ஒர்க்‌ஷாப் வச்சிருந்த தோமாச்சன் இந்தக் கலரை நிறைய வாங்கி வச்சிருந்தாராம். ஒர்க்‌ஷாப்பை மூடிட்டு இப்ப ஆடு வளக்குறாராம். பஸ் பிடிச்சு, கொட்டுற மழையில வித்துரா போய் இறங்கினேன். தோமாச்சன் வீட்டைக் கண்டுபிடிச்சு முற்றத்துல கால் வச்சதும் எனக்கு மூச்சே நின்னுருச்சு. எதிர்ல ஆட்டுக்கூடு. பலகை பலகையா, நீலமும் இல்லாம பச்சையும் இல்லாம சாம்பலும் இல்லாம, அச்சு அசல் மாமியோட பத்மினி!

துணிக்குள்ள இருந்த தகட்டை எடுத்துப் பலகை மேல வச்சுப் பாத்தேன். ஒண்ணுக்கொண்ணு ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்துச்சு. ஒரு கிடா வந்து தகட்டையும் ஒரு நக்கு, பலகையையும் ஒரு நக்கு நக்கிப் பாத்துச்சு. அதுக்கும் வித்தியாசம் தெரியலை போல. மழையில மரம் உளுத்துப் போகாம இருக்கத்தான் அடிச்சாராம் தோமாச்சன். வருஷக்கணக்குல நான் ஊர் ஊரா தேடுற பெயின்டை மனுஷன் ஆட்டுக்கூட்டுக்கு அடிச்சு வச்சிருக்கார்! நெஞ்சு எரிஞ்சுது எனக்கு. இன்னும் அரை டப்பா பாக்கி இருந்தது. ஆனா தரமாட்டேன்னுட்டார். கூட்டோட பின்பக்கம் அடிக்க வேண்டி இருக்காம். அதே மாதிரி வேற பெயின்ட் நான் தாரேன்னேன். அதே மாதிரின்னா பத்தாது, அதேதான் வேணும்ங்கிறார். மாமி கதையை முழுசா சொல்லி, கையைப் பிடிச்சுக் கெஞ்சினப்புறம்தான் மனசு இளகிச்சு. டப்பாவைக் கையில தரும்போதும் முகம் தெளியலை. "கார் ரண்டு கலராயிட்டு இருந்தா ஓடும் அண்ணாச்சி, ஆட்டுக்கூடு ரண்டு கலராயிட்டு இருந்தா நாட்டுக்காரங்க சிரிப்பாங்க."

நல்லா கலக்கினது

சசி டப்பாவைத் திறந்து, கிடைச்ச குச்சியால ரெண்டு சுத்து சுத்தி அட்டையில அடிச்சுக் காய வச்சான். கதவு பக்கத்துல வச்சுப் பாத்தோம். அட்டை எங்க முடியுது, கதவு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை. மாமி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சசி நெளிவெடுத்து, பட்டி போட்டு, தேச்சு, மழை விட்ட ஒரு காலைல மாமி வீட்டுக் கார் ஷெட்லயே ஸ்ப்ரே அடிச்சான். அடிக்கிறதுக்கு முந்தி, தொழில் சுத்தமா இருக்கணும்னு ரெண்டு பேரும் மாறி மாறி, அடி வரைக்கும் கரண்டி விட்டு, டப்பாவை வெண்ணெய் கடையுற மாதிரி கலக்கினோம்.

காஞ்சதும் கதவு வெளுத்துப் போய் நின்னுது. முதல்ல மழை ஈரத்துல பூத்திருக்கும்னு நினைச்சோம். ஈரத்துல இந்தப் பழைய பெயின்ட் வெள்ளையாப் பூக்கும், உங்களுக்குத் தெரியும். தின்னர் விட்டுப் பாத்தோம், போகலை. தலையில கை வச்சு உக்காந்தப்புறம்தான் புரிஞ்சுது. இத்தனை வருஷத்துல வெள்ளைச் சாயம் முழுக்க டப்பா அடியில படிஞ்சு போயிருந்திருக்கு. அட்டைக்கு அடிச்சது மேலாப்புல இருந்த பெயின்ட். கதவுக்கு அடிச்சது அடியில இருந்ததையும் சேர்த்து. வெயில்ல கிடந்து நிறம் மாறிப்போன மாமா வண்டிக்கு, சரியா கலக்காத பெயின்ட்தான் சரியான கலர்! கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் நல்லா கலக்குங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சவன் நான். எனக்கே இந்தக் கதி. சசி கரண்டியைத் தூக்கித் தூரப் போட்டான். "வேலை தெரியாத எவனாவது அடிச்சிருந்தா ஷரியாயிருக்கும் அண்ணாச்சி!"

படியட்டும்னு காத்திருந்தது

டப்பா அடியில இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. என்ன பண்ணலாம்? திரும்பப் படிய வச்சு, மேலாப்புல எடுத்து, கதவுக்கு இன்னொரு தடவை அடிக்கலாம்னு முடிவு பண்ணினோம். பெயின்ட் தொழில்ல இருக்கிறவன் எவனாவது பெயின்ட் படியணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருப்பானா? நான் உக்காந்திருந்தேன். கடையில வச்சா யாராவது தட்டிருவாங்கன்னு, வீட்டுக்குக் கொண்டு போய் அலமாரி மேல் தட்டுல வச்சேன். தினமும் மூடியைத் திறந்து, மூச்சை அடக்கிக்கிட்டு எட்டிப் பாப்பேன். மெல்ல மெல்ல மேல நீலச்சாயல் தெளிய ஆரம்பிச்சுது. ஆவணி அவிட்டமும் நெருங்குது, மாமி தினமும் போன் பண்றாங்க, எனக்குச் சோறு இறங்கலை.

ஒரு சாயங்காலம் வந்து பாக்கிறேன், டப்பா இடம் மாறி அழகா துடைச்சு வச்சிருக்கு. திறந்தேன். மறுபடியும் பால் மாதிரி ஒரே வெளுப்பு. யாரு இதைத் தொட்டதுன்னு நான் போட்ட சத்தத்துல அடுத்த வீட்டுக்காரரே எட்டிப் பாத்தார். சரஸ்வதி கையைத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்தா. அவளைத் திட்டவும் முடியலை, பாத்துக்கிடுங்க. புருஷன் பத்து நாளா சோறு திங்காம ஒரு டப்பாவையே பாத்துக்கிட்டிருக்கானேன்னு, ஜென்மத்துல முதல் தடவையா எனக்கு உதவி பண்ண நினைச்சிருக்கா. "நீங்கதானே எல்லார்கிட்டயும் குலுக்கு குலுக்குன்னு சொல்லுவீங்க, நானும் கை வலிக்கக் குலுக்கித்தான் வச்சேன்!"

காரைக் கதவுக்கு மாத்தினது

இனி ஒரே வழிதான் இருந்தது. கதவைக் காருக்கு மாத்த முடியலைன்னா, காரைக் கதவுக்கு மாத்த வேண்டியதுதான். சசி பாலிஷ் போடற காம்பவுண்டுப் பசை வாங்கிட்டு வந்து, மத்த பக்கமெல்லாம் பழைய பெயின்டோட மேல்தோலைத் தேச்சுத் தேச்சு எடுத்தான். அழுக்கு நிறம் போகப்போக கார் கதவை நோக்கி வந்துச்சு. முழுசா வரலை, பக்கத்துல வந்துச்சு. ஷெட்டுக்குள்ள பாத்தா சரி. வெளிய கொண்டு வந்தா கதவு தனியா நிக்கும். மேகம் மூடினா சரி. வெயில் அடிச்சா தப்பு. நானும் சசியும் காரைச் சுத்திச் சுத்தி வந்து, கடைசில எது புதுக் கதவு, எது பழசுன்னே எங்களுக்குச் சந்தேகம் வந்து, இடிச்சது இடது முன்கதவுன்னு கைப்பிடியைத் தொட்டுச் சொல்லிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

மாமாவுக்குத்தான் கண்ணு மங்கலாச்சே, அவருக்கு எங்க தெரியப்போகுதுன்னு நான் சமாதானம் சொன்னேன். மாமி படியில உக்காந்து கதவையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு கதவை ஒழுங்கா அடிச்சுக் குடுக்க முடியாத நான்லாம் என்ன பெரிய பெயின்ட் சேகரிக்கிறவன்னு அவமானமா இருந்துச்சு. திட்டுவாரோன்னு பயப்படறீங்களா மாமின்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினாங்க. "திட்டினா நானும் திட்டுவேன் கோலப்பா, அவர் சிரிப்பார், 'உனக்கெதுக்குடி இதெல்லாம்'னு ஒரு சிரிப்பு, அதைத்தான் என்னால தாங்க முடியாது."

கறுப்புக் கண்ணாடி

மாமா வந்து இறங்கின அன்னிக்குக் காலைல கடையில எனக்கு ஒரு வேலையும் ஓடலை. வெள்ளை கேட்டவருக்குக் கறுப்பை எடுத்துக் குடுத்தேன். போன் வந்துச்சு. மாமி கிசுகிசுன்னு பேசினாங்க. மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுண்டு வந்திருக்கார்னாங்க. எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. கறுப்புக் கண்ணாடி வழியா பாத்தா எல்லாக் காரும் ஒரே கலர்தானே! சாமி கண்ணைத் திறந்துட்டார் மாமின்னேன்.

திறந்தது சாமி இல்லை, டாக்டர். பெங்களூர்ல கண்ணைக் காமிக்கத்தான் போறார்னு மாமி நினைச்சிருந்தாங்க. மக பிடிவாதம் பிடிச்சு, ஒரு கண்ணுல புரையை எடுத்து, உள்ளே புது லென்ஸே வச்சு அனுப்பியிருக்கா. அம்மாவுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு ரெண்டு பேரும் சொல்லலையாம். அதுக்குத்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடி. மாமா அதைக் கழட்டிட்டு வாசல் கோலத்தைப் பாத்து, சுவரைப் பாத்து, மாமி முகத்தைப் பாத்து, ஒவ்வொண்ணுத்துக்கும் என்ன வெளுப்பு என்ன வெளுப்புன்னு அதிசயப்பட்டுக்கிட்டிருக்காராம். காரை மட்டும் இன்னும் பாக்கலை. "போச்சு கோலப்பா, ஒரு கண்ணைப் புதுசாக்கிண்டு வந்து நிக்கறார்!"

இடது பக்கக் கதவு

ஆவணி அவிட்டம் கழிஞ்சு, கடை வாசல்ல ஒரு ஹார்ன் சத்தம் கேட்டுச்சு. எனக்கு அந்த ஹார்ன் தெரியும். கல்லாவுக்குக் கீழ குனிஞ்சு ஒளியலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், சத்தியமா. எட்டிப் பாத்தேன். பத்மினி வந்து நிக்குது. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மாமி! நம்ம கதவு திறந்துச்சு. அதுலருந்து மாமா இறங்கினார், புதுப் பூணூலும் கையில அர்ச்சனைக் கூடையுமா.

எனக்கு வாய் குழறிச்சு. மாமா, அந்தக் கதவு வந்து, சாயம் அடியில படிஞ்சு, நாங்க கலக்கின கலக்குலன்னு ஏதேதோ உளறினேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. எனக்கே இன்னும் புரியலை. இங்க வா." ஆபரேஷன் பண்ணின கண்ணைக் கையால மூடினார். "இந்தப் பழைய கண்ணால பாத்தா வண்டி முழுக்கப் பச்சை, கதவும் அதே பச்சை." கையை மாத்தினார். "இந்தப் புதுக் கண்ணால பாத்தா வண்டி நீலம், கதவு வேற நீலம். இத்தனை காலமா இது என்ன கலர் வண்டின்னு நீ சொல்லேன், நான் கேட்டுக்கறேன்."

அப்ப மாமிகிட்ட என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.

"காலைல துடைக்கப் போனப்பவே தெரிஞ்சுடுத்து. கதவைத் துடைச்சுண்டே, உனக்கு எங்கயாவது அடிபட்டுதாடின்னு கேட்டேன். அவ்வளவுதான், அழுதுண்டே போய் லைசன்ஸைக் கொண்டு வந்து நீட்டினா."

"சிரிச்சீங்களா மாமா?" எனக்கு அதுதான் தெரியணும்.

"லைசன்ஸ் ஃபோட்டோவைப் பாத்து ரெண்டு பேரும் சேந்து சிரிச்சோம். திருடனைப் பிடிச்சு நிறுத்தின மாதிரி இருக்கா." அப்புறம் மாமா குரலைத் தாழ்த்திக்கிட்டார். "ஆபரேஷனுக்கு முன்னாடி சிக்னல்ல எனக்குக் கலரே தெரியாது கோலப்பா. முன்னாடி போற வண்டி நின்னா நிப்பேன், போனா போவேன். அவ பயப்படுவாளேன்னு சொல்லலை. அவ பக்கத்துல இருக்கச்சேயே அப்படித்தான் ஓட்டிண்டிருந்தேன். நினைச்சா உடம்பெல்லாம் நடுங்கறது."

கதவை நான் இலவசமா, முறையா, இன்னொரு தடவை அடிச்சுத் தாரேன் மாமா, வித்துரா போய் அந்த ஆட்டுக்கூட்டைப் பேத்தாவது கொண்டு வாரேன்னேன். அதுக்குள்ள மாமி வண்டியைத் திருப்ப ஆரம்பிச்சுட்டாங்க. பத்மினி முன்னால ஒரு துள்ளு, பின்னால ஒரு துள்ளு. ஓரத்துல நின்ன ஆட்டோக்காரர் தன் வண்டியை அவசர அவசரமா தள்ளிக்கிட்டுப் போனார். மாமா ரெண்டு கண்ணையும் இறுக்க மூடித் திறந்து, என் தோள்ல கை வச்சார். "கதவை இப்ப தொடாதே கோலப்பா, அவ மத்த மூணையும் இடிச்சு முடிக்கட்டும், சேர்த்துப் பண்ணிக்கலாம்."

இப்பல்லாம் கடைக்கு வந்து இது என்ன கலர் அண்ணாச்சின்னு யாராவது டப்பாவை நீட்டினா, எந்தக் கண்ணுக்குன்னு கேட்டுட்டுத்தான் நான் மூடியவே திறக்கிறேன்.